ராகிக் கதிரும் ரேஸ் டயரும்: ஓசூரிலிருந்து வத்தல்மலை வரை ஒரு மார்கழிச் சுற்று

வியாழன் இரவு, ஓசூர்

மச்சான் பெங்களூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பிஎம்டபிள்யூ எம்2. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 460 குதிரைசக்தி, அத்தனையும் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் போகிறது. பொங்கல் கூட்டம் தொடங்குவதற்குள் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல், அப்புறம் தருமபுரி, வத்தல்மலை, கடைசியில் கிருஷ்ணகிரி வந்து மேலுமலை ஏறி வீடு திரும்பலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ராத்திரி ராத்திரி செல்போனில் தட்டிப் போடுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருப் பையன்கள் எல்லாம் வண்டியோடு செல்ஃபி எடுத்தார்கள். நான் குனிந்து டயரைப் பார்த்தேன், பார்த்ததும் கொஞ்சம் பக்கென்றது. மிச்செலின் பைலட் ஸ்போர்ட் கப் 2. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் சுற்றுவதற்காக மாட்டியது, கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே வந்துவிட்டான். ரோட்டில் ஓட்ட அனுமதி உள்ள டயர்தான், ஆனால் பிறப்பால் டிராக் டயர். பக்கவாட்டில் ட்ரெட்வேர் 180 என்று இருக்கிறது. இந்த எண் குறையக் குறைய ரப்பர் சீக்கிரம் தேயும், சாதாரண கார் டயரில் 300, 400 என்று பார்க்கலாம். தண்ணீர் வெளியேற டயரில் வெட்டியிருக்கிற பள்ளம் புதிதிலேயே குறைவு, இப்போது அதிலும் பாதி போய்விட்டது.

நம் ஊரில் யாரும் கடையில் போய் 'சம்மர் டயர் கொடுங்க' என்று கேட்பதில்லை, கடையில் இருப்பதில் பெரும்பாலானவை அதுதான். நான் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்த்த காலத்தில்தான் டயருக்குக் காலம் உண்டு என்பதே புரிந்தது. அங்கே அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயர் என்று ஒரு வழக்கம். சட்டம் தேதி சொல்லவில்லை, வெப்பநிலையும் சொல்லவில்லை. ரோட்டில் பனியோ உறைநீரோ இருந்தால் அதற்கான டயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 60 யூரோ அபராதம், லைசென்ஸில் ஒரு புள்ளி. 2024 அக்டோபரிலிருந்து மலைக்குள் பனிப்பூ வரைந்த முத்திரை இருக்கிற டயரை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். எல்லாரும் சொல்லுகிற 7 டிகிரி என்பது டயர்க்காரர்களின் கைக்கணக்கு. அதற்குக் கீழே போனால் சம்மர் டயர் வேலைக்கு ஆகாது என்பார்கள், ரோடு காய்ந்திருந்தாலும் சரி.

காரணம் ரப்பர். டயர் ரோட்டைப் பிடிப்பது அது நெளிவதால்தான். தாரில் இருக்கிற ஜல்லியின் சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்குள் ரப்பர் இறங்கி ஏற வேண்டும், அதற்கு மென்மை வேண்டும். சம்மர் டயர் ரப்பரைச் சூட்டில் உருகாமல், ஈரத்திலும் பிடிக்கிற மாதிரி கலக்குகிறார்கள், அந்தக் கலவை குளிரில் விறைத்துவிடும். மார்கழியில் எங்கள் வீட்டுக் குளியலறை தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட விழாது, அது மாதிரி. ஆனால் எண்ணெய் உறைந்தது கண்ணுக்குத் தெரியும், டயர் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பது தெரியவே தெரியாது. குளிர்கால டயரில் கலவையே வேறு, பள்ளத்துக்குள் மெல்லிய வெட்டுகளும் நிறைய இருக்கும். அதை நம் ஊர் மே மாதத்தில் போட்டால் கொழகொழவென்று நெளிந்து ஒரு சீசனில் மொட்டையாகிவிடும்.

'இது ஓசூர்டா, ஜெர்மனி இல்ல' என்கிறான் மச்சான். பார்ப்போம்.

வெள்ளி இரவு, ஒகேனக்கல்

காலை அஞ்சரைக்கு ஷெட்டைத் திறந்தோம். வெளியே 13 டிகிரி என்று காட்டியது. வண்டியின் ஸ்க்ரீனில் டயர் பக்கத்தைத் திறந்தால் நான்கிலும் காற்று 31, 32 பவுண்டு. மச்சானுக்குக் கோபம், 'நேத்து 36 புடிச்சேனே, பஞ்சரா?' பஞ்சர் இல்லை. அவன் பெங்களூரிலிருந்து ஓட்டி வந்த சூட்டோடு பங்கில் காற்றுப் பிடித்திருக்கிறான். டயருக்குள் பத்து டிகிரி இறங்கினால் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் பவுண்டு குறையும். சூட்டில் 36 என்றால் விடிகாலைக் குளிரில் 31, 32தான். கம்பெனி சொல்லும் அளவு குளிர்ந்த டயருக்கானது, வண்டியை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது. டிக்கியில் பேட்டரி பம்ப் இருந்தது, அங்கேயே சரி செய்துவிட்டுக் கிளம்பினோம்.

இந்த வண்டியில் ஒரு நல்ல விஷயம், இன்ஜின் ஆயில் சூடாகும் வரை ஆர்பிஎம் மீட்டரே சிவப்பு எல்லையைக் கீழே இறக்கிக் காட்டும், சூடு ஏற ஏற எல்லை மேலே போகும். மச்சான் அதை மதித்து ஓட்டினான். ஆயில் சூடானதும் 'இப்ப ரெடி' என்று மிதித்தான். டயருக்கு அப்படி ஒரு சிவப்புக் கோடு கிடையாது. ஸ்க்ரீனில் டயர் சூடு எண்ணாகத் தெரியும், யாராவது தேடிப் போய்ப் பார்த்தால். நான் பார்த்தேன், பின்னால் 19. வெளியே 3 டிகிரிக்கு இறங்கினால் பனிப்பூக் குறி போட்டு மணி அடிக்கும் இந்தக் கம்பெனி வண்டிகள், ஓசூர் தளி ரோட்டில் அந்த மணி ஒரு நாளும் அடிக்கப் போவதில்லை.

மத்திகிரி தாண்டி கொஞ்ச தூரம். மூடுபனி, வைப்பர் அவ்வப்போது ஒரு தடவை அடிக்கிற அளவுக்கு ஈரம். ஒரு இடது வளைவு, வளைவு முடிகிற இடத்தில் பாதி ரோட்டுக்கு ராகிக் கதிர் பரப்பி ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் தெரிந்ததுதான், ராகியோ கொள்ளோ ரோட்டில் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் மிதித்தே போரடித்துக் கொடுத்துவிடும். மச்சான் கதிரைத் தவிர்க்க நினைத்து கடைசியில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி, அதே நேரம் ஆக்சிலரேட்டரையும் கொடுத்தான். பின்பக்கம் சட்டென்று வலது பக்கம் நழுவியது. மீட்டரில் சக்கரம் வழுக்குவதைச் சொல்லும் ஆரஞ்சு விளக்கு படபடவென்று அடித்தது, கம்ப்யூட்டர் இன்ஜினை அமுக்கியது, அவனும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்துவிட்டான். எதிரே வண்டி ஏதும் இல்லை. கதிர் பக்கத்தில் முறத்தோடு நின்ற பாட்டி மட்டும் கத்தினார்: 'ஏத்திட்டுப் போறதுன்னா ஒழுங்கா ஏத்திட்டுப் போ சாமி, செதற அடிச்சிட்டுப் போற!'

ஓரமாக நிறுத்தி டீ குடித்தோம். பனியில் நனைந்த கதிர்மேல் எந்த டயரும் வழுக்கும், அதில் கப் 2-வுக்குத் தனிக் குற்றம் இல்லை. நான் கவனித்தது அதற்கு அடுத்த நொடியை. கதிரைத் தாண்டி நல்ல தாருக்கு வந்த பிறகும் டயர் உடனே பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய் திடீரென்று வெடுக்கென்று பிடித்தது, தலை கண்ணாடியில் முட்டாத குறை. இதே டயர் சூடாக இருந்தால் நழுவும்போதும் மெல்ல நழுவும், கைக்கு முன்னாலேயே தகவல் சொல்லும், திரும்பப் பிடிப்பதும் அப்படியே. குளிர்ந்த டிராக் டயரில் முன்னறிவிப்பு இல்லை. பிடிக்கிறது, பிடிக்கவில்லை, இந்த இரண்டுதான். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை, முழுப் பழியையும் ராகி மேல் போட்டான்.

தேன்கனிக்கோட்டை அஞ்செட்டி ரோடு காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் போகிறது, யானை நடமாட்டம் உண்டு, வேகமாகப் போக நினைப்பதே தப்பு. எங்களால் நினைக்கக்கூட முடியவில்லை. வண்டியின் வயிறு அவ்வளவு தாழ்வு, ஒவ்வொரு வேகத்தடையையும் குறுக்காக ஏறி இறங்கினோம், அப்படியும் இரண்டு இடத்தில் கீழே உரசிய சத்தம் கேட்டு மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். மத்தியானம் ஒகேனக்கல். மீன் குழம்பு, வறுவல், பரிசல், எண்ணெய்க் குளியல், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா.

சனி இரவு, தருமபுரி

காலையில் நிதானமாகப் பத்து மணிக்குக் கிளம்பி பென்னாகரம் வழியாக தருமபுரி. மத்தியானம் தொப்பூர் கணவாயை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் சேலம் பக்கம் இறங்குகிற அந்தச் சரிவைத் தெரியாத லாரிக்காரர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் எத்தனை விபத்து. அங்கே விளையாட்டு எதுவும் காட்டவில்லை, சொன்ன வேகத்தில் இறங்கி, கீழே திரும்பி ஏறினோம்.

ஆனால் வெயிலில் இந்த டயர் வேறு ஜாதி. வெளியே 31, டயர் நாலும் 48லிருந்து 50க்குள். நிறுத்திவிட்டு கையை வைத்துப் பார்த்தேன், ரப்பர் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. ரோட்டில் கிடக்கிற பொடிக் கல்லையெல்லாம் பொறுக்கி எடுத்து மட்கார்டுக்குள் டக் டக்கென்று அடித்துக்கொண்டே வந்தது. ஏற்ற வளைவில் மச்சான் நேற்றுக் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே ஆக்சிலரேட்டர் கொடுத்தான், விளக்கு ஒரு தடவை கூடக் கண் சிமிட்டவில்லை. 'பாத்தியா?' என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எனக்குக் கவலையே அங்கேதான். மத்தியானம் இந்த டயர் கொடுக்கிற தைரியத்தை மனசு மறக்காது, அதே தைரியத்தோடு மறுநாள் விடிகாலை ஸ்டார்ட் செய்வோம். சாதாரண டயர் போட்ட ஐ20-யில் காலைக்கும் மத்தியானத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் தெரியாது, மேலே போகிற உயரமும் குறைவு, கீழே விழுகிற பள்ளமும் குறைவு. 7 டிகிரி கணக்கை வைத்துப் பார்த்தால் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் குளிரே கிடையாது. கப் 2 மாதிரி டயருக்கு அந்தக் கணக்கு போதாது. அதற்குக் காற்றின் சூட்டைவிட ரப்பரின் சூடுதான் முக்கியம், 14 டிகிரி ஈர ரோட்டில் முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இந்தப் பக்கத்து லாட்ஜில் பார்க்கிங் என்று சொல்லி ஒரு சரிவான சந்தைக் காட்டினார்கள். முன் பம்பர் தரையில் படாமல் இறக்க அரை மணி நேரம், வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர், ஆளுக்கொரு யோசனை.

ஞாயிறு இரவு, பாலக்கோடு

வத்தல்மலை. தருமபுரிக்காரர்களே பாதிப் பேர் ஏறியிருக்க மாட்டார்கள். கீழே வெயில் காய்கிற மாவட்டம், மேலே காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியுமாக வேறு உலகம். ஆறு மணிக்கு அடிவாரம், 16 டிகிரி, மெல்லிய தூறல்.

ஏறும்போது டயர் ஸ்க்ரீனை நான் எடுத்துக்கொண்டேன். கொண்டை ஊசி ஏற ஏறப் பின் டயர் 30, 31 என்று போகிறது, முன் டயர் 21லேயே நிற்கிறது. ஏற்றத்தில் தள்ளுகிற வேலை முழுக்கப் பின்னால் இருப்பவைக்கு, அதனால் அவை சூடாகிவிட்டன. முன்னால் இருப்பவை சும்மா உருண்டு வருகின்றன, மெதுவாகப் போவதால் பிரேக்குக்கும் வேலை இல்லை. விளைவு என்ன தெரியுமா, ஒரு வலது கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தும் மூக்கு திரும்பாமல் வண்டி நேராகவே ஊர்ந்து ஓரத்துச் சுவரைப் பார்த்துப் போனது. வேகம் 20கூட இல்லை. முதல் நாள் பின்னால் நழுவிய அதே வண்டி, இன்று முன்னால் தள்ளுகிறது. மச்சான் காலை எடுத்தான், பாரம் முன்னால் வந்தது, திரும்பியது. அதற்கப்புறம் அவனாகவே ஸ்போர்ட் மோடை அணைத்துவிட்டு கம்ஃபர்ட்டுக்கு மாற்றினான். நான் வாயைத் திறக்கவில்லை.

மேலே ஒரு நேரான இடத்தில் ரேஸில் பார்க்கிற மாதிரி வண்டியை இடம் வலமாக வளைத்து ஓட்டினான், டயரைச் சூடேற்றுகிறானாம். டிராக்கில் அவர்கள் போகிற வேகமும் டயரை அமுக்குகிற பாரமும் வேறு, ஃபார்முலா ஒன்னில் அதற்கு முன்பே மின்சாரப் போர்வை சுற்றிச் சூடாக்கித்தான் டயரை மாட்டுகிறார்கள். 30 வேகத்தில் மலை ரோட்டில் வளைந்து வளைந்து போனால் ஆடு மேய்க்கிறவர் குடித்திருக்கிறான் என்று நினைப்பார், வேறொன்றும் நடக்காது. ரோட்டு வண்டியில் டயர் சூடாக நிதானமாக ஓட்டுவதுதான் வழி, நேரான இடத்தில் கொஞ்சம் பிரேக், கொஞ்சம் இழுப்பு, டயர் நெளிந்து நெளிந்து உள்ளிருந்தே சூடாகும்.

தூறல் வலுத்ததும் இன்னொரு பிரச்சினை. குளிர்ந்த ரப்பரை மன்னித்தாலும் பள்ளம் இல்லாத டயரை மழை மன்னிக்காது, தண்ணீர் வெளியே போக வழி வேண்டுமே. சட்டப்படி கார் டயரில் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும், இவன் டயரில் அதற்கு மேல் இருக்கிறது. இருந்தும் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஸ்டியரிங் லேசாகி மிதந்த மாதிரி இருந்ததை இருவருமே உணர்ந்தோம். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். இருக்கிற பிடிப்பைப் பங்கு போட்டுக் கொடுக்கத்தான் அதற்குத் தெரியும், இல்லாததை அது எங்கிருந்து கொண்டு வரும்?

மத்தியானம் பாலக்கோடு, சித்தப்பா வீடு. முப்பது வருஷத்துக்கு மேல் லாரி. வந்ததும் வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், டயரை நகத்தால் அழுத்தினார். 'என்ன தம்பி, அழிரப்பர் மாதிரி இருக்கு. எத்தன கிலோமீட்டர் ஓடும்?' மச்சான் சொன்ன கணக்கைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அவர் லாரி டயர், தேய்ந்ததன்மேல் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரேடிங் மேல் ரீட்ரேடிங் போட்டு லட்சம் தாண்டி ஓடுகிறது.

சாப்பிடும்போது காஷ்மீர் கதை வந்தது. இதே 44தான், நம் வீட்டு வாசலில் போகிற ரோட்டின் மறுமுனை ஸ்ரீநகர். ஆப்பிள் லோடு ஏற்றப் போன காலத்தில் டீசல் உறைந்து டேங்குக்கு அடியில் தீ மூட்டியது, டயருக்குச் சங்கிலி கட்டியது எல்லாம் சொன்னார். 'வெள்ளையா கொட்டிக் கெடக்குற பனிகூட பயமில்ல தம்பி, பாத்தா தெரியும். காலைல ரோடு சும்மா ஈரமா இருக்கிற மாதிரி இருக்கும், ஏறினா கண்ணாடி. அதுலதான் ஆளு காலி.' அந்த ஊர்க் குளிரில் மச்சானுடைய டயரை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன். 'ஊஞ்சல் கட்டலாம்.'

அவர் விளையாட்டுக்குச் சொன்னாலும் ஒரு விஷயம் உண்மை. இந்த மாதிரி டயர் சிலவற்றுக்கு மைனஸ் 7 டிகிரி வாக்கில் வண்டியை அசைக்கவே கூடாது என்று கம்பெனிகளே எச்சரிக்கின்றன. விறைத்த ரப்பர் நெளியும்போது வெடிப்பு விழும், துண்டாகவும் பெயரும். குளிர்காலம் முழுக்க ஷெட்டில் நிறுத்திவிட்டு ஜனவரியில் ஒரு நாள் வெளியே உருட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிற ஐரோப்பா, அமெரிக்காக்காரர்களுக்கான எச்சரிக்கை அது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

திங்கள் மாலை, ஓசூர்

பாலக்கோட்டிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பி காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி. இந்தத் தடவை யாரும் சொல்லாமலேயே மச்சான் காற்றைப் பார்த்துவிட்டு எடுத்தான். கிருஷ்ணகிரி டோலில் காப்பி, சூளகிரி பக்கம் ஏறுகிற மேலுமலையில் முழு மூடுபனி, லாரிகளின் நான்கு இண்டிகேட்டரும் எரிவது மட்டும்தான் தெரிந்தது. லாரி பிரேக் அடித்து அடித்து வழவழப்பான தார், அதன்மேல் சொட்டிய டீசல், மேலே பனி ஈரம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்ததால் டயர் 30 டிகிரி காட்டியது, அதனால் பயமில்லாமல் இருந்தது. நாலாவது கியரில் இன்ஜினை முக்க விடாமல் மெல்ல ஏற்றினான், இரண்டாவதில் வைத்திருந்தால் 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (டார்க்) பின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டிருக்கும். விளக்கு ஒரே ஒரு தடவை மின்னியது, ஒரு பாலத்தின் இரும்புப் பட்டையைத் தாண்டும்போது.

ஒன்பது மணிக்கு வீடு. வண்டியைக் கழுவி டயர் பள்ளத்தில் மாட்டிய கற்களைத் திருப்புளியால் நெம்பி எடுத்தோம், ஒரு ராகிக் கதிரும் கிடைத்தது. பின் டயரின் உள்பக்க ஓரம் வெளிப்பக்கத்தைவிட நன்றாகவே தேய்ந்திருக்கிறது, டிராக்குக்காக வைத்த சாய்வு அலைன்மெண்ட் இது. கண்ணில் படாத இடத்தில் முதலில் மொட்டையாகும், கையை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சாப்பிட்டுவிட்டு மச்சான் அடுத்த குண்டைப் போட்டான். பொங்கல் முடிந்ததும் ஊட்டி போகிறானாம், இதே டயரில், விடிகாலை ரோடு காலியாக இருக்கும்போது. தமிழ்நாட்டில் அந்த 7 டிகிரி கணக்கு நிஜமாகவே வேலை செய்கிற ஒரு சில இடங்களில் அதுவும் ஒன்று, ஜனவரியில் அங்கே புல் மேல் உறைபனி விழுந்து வெள்ளையாகக் கிடக்கும், தாரிலும் நிழல் விழுகிற வளைவில் அப்படியே இருக்கும். போகட்டும், காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு ஓட்டட்டும், முடிந்தால் வண்டியோடு வந்த பழைய செட்டை மாட்டிக்கொண்டு போகட்டும் என்றேன். அந்தச் செட் எங்கே என்று கேட்டால் பெங்களூர் வீட்டு மொட்டை மாடியில், வெயிலில், ஒன்றன்மேல் ஒன்றாக, போன மார்ச்சிலிருந்து. ரப்பருக்கு வெயிலும் ஆகாது. வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்து போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.